காப்பீட்டு அட்டையும் உழவர் கண்ணும்

சென்ற நவரைப் பட்டத்தின்போது உத்திரமேரூர் வட்டம் மானாம்பதிக்கு அருகில் ஒரு கிராமத்தில் பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தினோம். நெற்பயிரில் புகையானுக்கு மருந்து தெளிக்கும் முறையை விளக்கிய பின், ஒரு மருந்துப் புட்டியை வந்திருந்தவர்களிடம் கொடுத்து, ஏக்கருக்கு எவ்வளவு அளவு என்று அதன் சீட்டில் உள்ளதைப் படிக்கச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் புட்டியைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணருகே கொண்டுவந்தார். கடைசியில் பக்கத்தில் நின்ற பேரனிடம் கொடுத்துவிட்டார். பேரன் படிப்பது ஐந்தாம் வகுப்பு. அவன் மில்லி லிட்டர் கணக்கை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூடாதா, ஐயா என்று கேட்டேன். "கார்டு இருக்குது சார். கண்ணாடிக் கடையில இது செல்லாதுன்றாங்க. இந்தக் கார்டை வாங்கிக்கிட்டுக் கண்ணு பாக்குற கடை மானாம்பதியில எங்க இருக்குதுன்னு நீங்களாவது சொல்லுங்க" என்றார். அவர் சட்டைப்பையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

உரத்தையும் மருந்தையும் பற்றிக் கேட்டால் உடனே விடை சொல்லிப் பழகிய நான் அன்று விழித்தேன். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். பெரியவர் கேட்டது போன்ற கடை மானாம்பதியில் மட்டுமல்ல, வேறெங்கும் கிடையாது. அதற்காக அவர் பணம் செலவழித்துத்தான் கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. கண்ணின் ஒவ்வொரு தொல்லைக்கும் ஒவ்வொரு வாசல் இருக்கிறது. எந்தத் தொல்லைக்கு எந்த வாசல் என்பது தெரியாமல் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அலைவதுதான் இடர். சில வேளைகளில் அந்த அலைச்சலிலேயே கண் போய்விடுகிறது.

அட்டை எதற்கு?

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் இதனுடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் இதில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை இத்திட்டம் ஏற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது 'சிகிச்சை' என்ற சொல்லை. இத்திட்டத்தில் ஒரு சிகிச்சைப் பட்டியல் உண்டு. அதில் இருப்பவை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் அறுவைகளும் பெரிய சிகிச்சைகளும். டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்குவது, கண்ணில் 'பவர்' பார்ப்பது, மூக்குக் கண்ணாடி வாங்குவது ஆகியவை அந்தக் கணக்கில் வருவதில்லை. திட்டத்தில் சேர்க்கப்படுபவையும் மருத்துவமனைகளும் பரிசோதனை மையங்களுமே. கண்ணாடிக் கடைகள் அல்ல. ஆகவே கடைக்காரர் அட்டை செல்லாது என்று சொன்னால் அவர் ஏமாற்றுகிறார் என்று கோபிக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டும் சிலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. இங்கிலாந்தில் 60 வயதைக் கடந்தவர்கள் தெருவிலுள்ள கண்ணாடிக் கடையிலேயே அரசுச் செலவில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள முடியும். அங்கே அரசு கடைக்காரருக்குப் பணம் கொடுக்கிறது. இங்கே ஏற்பாடு வேறு. அரசே ஆளை நியமித்து, அரசு மருத்துவ நிலையங்களில் உட்கார வைத்திருக்கிறது. அந்த ஆளிடம் போவதற்குக் காப்பீட்டு அட்டையே தேவையில்லை.

இன்னொரு காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன், நம் மாவட்டத்துக்கு அது பொருந்தும். மகனோ மகளோ ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்து, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டால், அவர்களை நம்பி வாழும் வருமானமற்ற பெற்றோருக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வெளிநோயாளிச் சிகிச்சை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். பெற்றோர் பெயர் பதிவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பல வீடுகளில் பிள்ளைகள் இதைச் சேர்ப்பதே இல்லை, கேட்டுப் பார்க்கவும்.

கண்ணாடி வேண்டுவோர்

நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும். இதைத்தான் நம் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்றார்கள். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக வளைந்து கொடுக்கும் தன்மையை இழப்பதே காரணம். இது நோயன்று, நரை போல எல்லோருக்கும் வருவது. உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறைக்கு நிற்பவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அந்த வயதில் பாதிப் பேருக்கு மேல் வெள்ளெழுத்து இருந்திருக்கும். ஓலையை எப்படித்தான் படித்தார்களோ என்று நான் நினைப்பதுண்டு.

வெள்ளெழுத்தைப் பொறுத்துக்கொண்டு போவது நமக்கு வழக்கமாகிவிட்டது. படிக்கிற வேலையா பார்க்கிறோம் என்று சொல்கிறோம். ஆனால் விதையில் கலப்பு பார்ப்பது, நாற்றில் பூச்சி முட்டைக் குவியலைக் கண்டுபிடிப்பது, தெளிப்பானின் மூக்குத் துவாரத்தில் அடைப்பு எடுப்பது, மருந்துச் சீட்டில் முக்கோணத்தின் நிறத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பது எல்லாம் கிட்டப் பார்வை வேலைகளே. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியாயிற்று. ஒரு பாதிப் பேருக்கு முதலிலேயே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள்; மறு பாதிக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்தின் எடை மற்றவர்களைக் காட்டிலும் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. ஓர் உரச் சிபாரிசில் அவ்வளவு விளைச்சல் கூடினால் நாங்கள் அதற்கு விழாவே எடுப்போம்.

கண்ணாடிக்கான முதல் வாசல் ஆரம்ப சுகாதார நிலையம். வட்டார அளவில் உள்ள மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் என்று ஒருவர் பணியில் இருப்பார். எழுத்துப் பலகையை வைத்துப் பார்வையை அளப்பது, கண்ணாடி எண் எழுதித் தருவது, புரை இருக்கிறதா என்று பார்ப்பது, அறுவைக்கு அனுப்புவது அவருடைய வேலை. அவர் பள்ளிக்கூடங்களுக்கும் முகாம்களுக்கும் வெளியே போக வேண்டியிருப்பதால் எல்லா நாளும் இருக்கையில் இருக்கமாட்டார். எனவே பஸ் ஏறுமுன் உங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ, 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலரிடமோ, எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளவும். ஒரு நாள் கூலி மிச்சமாகும். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

அடுத்தது உத்திரமேரூர் அரசு மருத்துவமனை. அதற்கும் மேல் காஞ்சிபுரத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை. அங்கே கண் மருத்துவப் பிரிவு இருக்கிறது. மானாம்பதி கூட்டுரோட்டில் நின்றால் ஒரு பக்கம் காஞ்சிபுரத்துக்கும் மறு பக்கம் வந்தவாசிக்கும் பஸ் கிடைக்கும். வந்தவாசி திருவண்ணாமலை மாவட்டம் ஆயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டுக்கு மாவட்ட எல்லை கிடையாது.

அரசு நிலையத்தில் எண் எழுதி வாங்கிக்கொண்டு, கண்ணாடியை மட்டும் கடையில் வாங்குவது செலவு குறைந்த வழி. 1976-ல் தொடங்கிய தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தின்கீழ் முதியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசக் கண்ணாடி கொடுக்க வழி இருக்கிறது. பரிசோதனை செய்பவரிடம் அதையும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்குக் கிடைப்பது அரிது. பள்ளி மாணவர்களுக்காக 2009-ல் 'கண்ணொளி காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. பையன் கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று ஆசிரியர் குறை சொன்னால், அடிப்பதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். சொந்தக் காசில் கண்ணாடி வாங்குவோருக்கு ஒரு செய்தி: பார்வைத் திருத்தக் கண்ணாடிகளின் மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. பில்லைப் பார்த்து வாங்கவும்.

சந்தையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். இரு கண்ணிலும் ஒரே அளவு வெள்ளெழுத்து மட்டும் இருப்பவருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு தடவையாவது கண்ணை முழுமையாகக் காட்டியிருக்க வேண்டும். கண் நீர் அழுத்த நோய் வலி தராமல், பக்கப் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். வரப்பை ஓரத்திலிருந்து வெட்டிச் சேர்த்துக்கொள்ளும் பக்கத்து நிலத்துக்காரரைப் போல, அது நடக்கும்போது நமக்குத் தெரியாது. இழந்தது திரும்பி வராது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விழித்திரையில் கசிவு வரும். அதுவும் தொடக்கத்தில் பார்வையைக் குறைக்காது. ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதிப்பது ஒன்றே வழி. கண்ணாடிக் கடை இயந்திரம் எண்ணைத்தான் காட்டும்; இவற்றைக் காட்டாது.

கண்புரை

புரைக்கும் காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் புரை அறுவை இலவசம். செயற்கை வில்லையும் வைத்துவிடுகிறார்கள். தொண்டு நிறுவன மருத்துவமனைகள் மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்தோடு சேர்ந்து ஊர்களில் முகாம் நடத்துகின்றன. முகாமில் பரிசோதனை மட்டும் நடக்கும். புரை இருப்பவர்களை வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அறுவை செய்து, ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அதற்கு முன் அரசு மருத்துவராக இருந்தபோதே இத்தகைய முகாம்களை நடத்தியவர். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1992 முதல் வில்லைகளை மதுரையிலேயே செய்யத் தொடங்கிய பிறகு, அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பொருளின் விலை பல மடங்கு இறங்கியது.

புரை நன்றாக 'முற்றட்டும்' என்று காத்திருப்பது பழைய காலத்து முறை. பயிர் முற்றினால்தான் அறுவடை. புரைக்கு அந்தக் கணக்கு இல்லை. வரப்பில் நடக்கத் தடுமாற்றம் வந்தாலே அறுவைக்குத் தகுந்த நேரம்தான். மிகவும் முற்றவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறித் தொல்லை கூடும். அறுவை முடிந்தபின் சில வாரங்களுக்குச் சேற்றில் இறங்குவதையும் தூசி பறக்கும் களத்தில் நிற்பதையும் தவிர்க்க வேண்டியிருப்பதால், நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட ஓய்ந்த நாட்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நம் வசதி.

அட்டை பயன்படும் இடம்

விழித்திரை கழன்றுவிட்டது, கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, கருவிழியை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லும் நிலைக்கு வந்தால், அப்போது அட்டையை எடுங்கள். இவை தனியாரிடம் பெருஞ்செலவு பிடிக்கும் சிகிச்சைகள். உங்கள் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்பதை இப்படித் தெரிந்துகொள்ளலாம். டாக்டரிடம் சிகிச்சையின் பெயரைத் தாளில் எழுதி வாங்குங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னையில் எந்தெந்த மருத்துவமனையில் அதைச் செய்துகொள்ளலாம் என்று கேளுங்கள். ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எலும்பு முறிவுக்கும் பிரசவத்துக்கும் சேர்க்கப்பட்ட மருத்துவமனை கண் பிரிவுக்குச் சேர்க்கப்படாமல் இருக்கலாம். "உங்கள் ஆஸ்பத்திரியில் கார்டு எடுப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் எடுப்போம் என்றுதான் விடை வரும். "கண்ணுக்கு, இந்தச் சிகிச்சைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்க வேண்டும். மருத்துவமனையிலேயே காப்பீட்டுக்கான தொடர்பு அலுவலர் இருப்பார். அவரைப் பார்த்து, முன் அனுமதி வந்த பிறகு சேர்வது நல்லது. முன்பணம் கட்டச் சொன்னால் கட்டுவதற்கு முன் அதே தொலைபேசி எண்ணில் விவரம் கேளுங்கள்.

அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சேர்ந்தவைதாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனையும் நமக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. எழும்பூர் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அட்டை இல்லாதவருக்கும் அங்கே கதவு திறந்தே இருக்கிறது.

அட்டை எடுக்காதவர்கள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து வருமானச் சான்றுக்கு வழி செய்துகொண்டு, குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவர் காப்பீட்டிலும் சேர முடியாது. புதிதாக வந்த மருமகள் பெயரும் பிறந்த குழந்தை பெயரும் விடுபட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். மானாம்பதிக்காரர்களுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை. திருப்போரூர்ப் பக்கத்திலும் ஒரு மானாம்பதி இருக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. பதிவின்போதும் தொலைபேசியில் கேட்கும்போதும் "உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்" என்று சேர்த்தே சொல்லவும்.

வயலில் கண்ணில் அடிபட்டால்

இதுவரை சொன்னதெல்லாம் யோசித்து, நாள் பார்த்து, பஸ் ஏறக்கூடிய தொல்லைகள். இனிச் சொல்லப்போவது அப்படியன்று. அன்றைய பயிற்சி முடிந்து கிளம்பும்போது அந்த ஊர்ப் பெண்கள் ஒரு கதை சொன்னார்கள். அவர்களோடு கூலிக்கு வரும் ஓர் அம்மாளுக்குக் கதிரடிக்கும்போது நெல்லின் சுணை கண்ணில் பட்டிருக்கிறது. அன்று இரவு தாய்ப்பால் விட்டார்கள். மறுநாள் கண் சிவந்ததும் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள். சிவப்பு சற்றுக் குறைந்தது. நாலாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ஓரிடத்தில் கார்டு எடுக்கமாட்டோம் என்றார்கள். கார்டைப் புதுப்பிக்க வருமானச் சான்று வேண்டுமென்று யாரோ சொல்ல, அதற்கு இரண்டு நாள் அலைந்தார்கள். ஒன்பதாம் நாள் சென்னையில் கண் டாக்டரைப் பார்த்தபோது பாதிக் கருவிழி வெந்து போயிருந்தது. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

இது அபூர்வமான விபத்து அன்று. மதுரை அரவிந்த் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பற்றிய ஆய்வு 1997-ல் வெளியாயிற்று. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் புண் வருமுன் கண்ணில் அடிபட்டிருந்தது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் வயல் வேலையில் இருந்தவர்கள். கிருமிகளைச் சோதித்ததில் பாக்டீரியாவும் பூஞ்சாணமும் கிட்டத்தட்டச் சரிபாதி. குளிர் நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் பாக்டீரியாதான். நம் வெப்பமும் ஈரமும் வைக்கோலும் சேர்ந்த மண்ணில் பூஞ்சாணம் சரிக்குச் சரியாக நிற்கிறது.

அந்தப் பூஞ்சாணங்களின் பெயரைக் கேட்டால் இந்த இதழின் வாசகர்களுக்குப் பழைய எதிரிகள் என்று தெரியும். முதலில் நிற்பது பியூசேரியம். வாழையில் வாடல் நோயையும் நெல்லில் நாற்றுகளை நெட்டையாக வளர்த்துச் சாகடிக்கும் நோயையும் உண்டாக்கும் அதே இனம். அடுத்து ஆஸ்பர்ஜில்லஸ், ஈரத்தோடு குவித்துவைத்த நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சேர்க்கும் இனம். இவற்றின் வித்துகள் மண்ணிலும் சருகிலும் எப்போதும் இருக்கின்றன. நல்ல கண்ணின் மேல் விழுந்தால் கண்ணீர் கழுவிவிடும். கரும்புத் தோகையோ நெல் இலையோ கீறிய இடத்தில் விழுந்தால், காயம்பட்ட வேரில் வாடல் நோய் நுழைவது போல உள்ளே நுழைந்துவிடும். கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. எதிர்க்கும் படை அங்கே வந்து சேரத் தாமதமாகும். பூஞ்சாணம் மெதுவாக வளரும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல், பிறகு வெள்ளைப் புள்ளியாகக் காணும்.

அந்த அம்மாளுக்குச் சிவப்புக் குறைந்தது ஏன் என்று கேட்கலாம். மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கொடுக்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பையும் வலியையும் தணிக்கும். கூடவே உடம்பின் எதிர்ப்பையும் தணிக்கும். பூஞ்சாணத்துக்கு அது, புகையான் விழுந்த வயலில் யூரியாவை அள்ளிப் போட்டது போல. மேலே பச்சை, உள்ளே பூச்சி பெருகும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எந்தக் கண் சொட்டு மருந்தையும் விடக்கூடாது என்பது இதனால்தான். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, தூசியை நாக்கால் எடுப்பது, புல் நுனியால் எடுப்பது எல்லாமே கீறலில் மேலும் கிருமியைச் சேர்ப்பவை.

எவ்வளவு விரைவாகப் போக வேண்டும்? நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில் ஒரு நல்ல ஆய்வு செய்தார்கள், 2001-ல் வெளியாயிற்று. கிராமத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவிழியில் கீறலோடு வருபவர்களுக்கு ஒரு சாதாரணக் கிருமிக்கொல்லிக் களிம்பை மூன்று நாள் போடச் செய்தார்கள். அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். ஒருவருக்கும் புண் வரவில்லை. 18 முதல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. 24 முதல் 48 மணிக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது. விலை உயர்ந்த மருந்தோ பெரிய மருத்துவமனையோ அந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை. வந்த நேரம்தான் உண்டாக்கியது.

ஆகவே வயலில் கண்ணில் அடிபட்டால் அட்டையைத் தேடவேண்டாம், சான்றுக்கு அலைய வேண்டாம். சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவி, கசக்காமல், அன்றைக்கே மிக அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடவும். மாலை ஐந்து மணிக்கு அடிபட்டால் மறுநாள் காலைக்குள் போய்ச் சேர வேண்டும். என்ன பட்டது, இலையா, கல்லா, இரும்புத் துண்டா என்பதை டாக்டரிடம் சொல்லவும். களை வெட்டும் இயந்திரத்திலோ வெல்டிங்கிலோ பறந்த இரும்புத் துண்டு உள்ளே குத்தியிருந்தால், கழுவவும் அழுத்தவும் கூடாது. ஒரு காகிதக் குவளையைக் கண்ணின் மேல் கவிழ்த்துக் கட்டி நேரே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே அட்டை தேவைப்பட்டால் வீட்டிலிருந்து பின்னால் யாராவது கொண்டுவரலாம்.

வெள்ளைப் புள்ளி ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் வசதியுள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் பயிர் நோய்க் கூடத்தில் இலைப்புள்ளியைச் சுரண்டிப் பார்ப்பது போன்ற வேலைதான் அது. பூஞ்சாணம் என்று தெரிந்தால் நேட்டமைசின் என்ற சொட்டு மருந்து கொடுப்பார்கள். புதிதாக வந்த விலை கூடிய மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பியூசேரியத்துக்கு இந்தப் பழைய மருந்தே மேல் என்று தென்னிந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2013-ல் காட்டியது. முதலில் மணிக்கொரு தரம் விட வேண்டும். வாரக்கணக்கில் தொடர வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்பும்.

பூச்சிமருந்து தெறித்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் இமையைத் திறந்து வைத்துக் கழுவி, மருந்துப் புட்டியைச் சீட்டோடு கையில் எடுத்துக்கொண்டு போகவும். சுண்ணாம்பு பட்டாலும் எருக்கம்பால் பட்டாலும் இப்படியே. தெளிக்கும்போதும் கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகிலும் பக்கங்கள் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். வியர்த்து மங்குகிறது என்று எல்லோரும் கழற்றிவிடுகிறார்கள், நானும் கழற்றியிருக்கிறேன். பக்கத்தில் காற்றுத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் மங்குவது குறைகிறது.

அந்தப் பெரியவருக்குக் கண் மருத்துவ உதவியாளர் வரும் கிழமையைக் கேட்டுச் சொல்லியனுப்பினோம். போனார். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி எண் எழுதிக் கொடுத்தார்களாம். இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறதாம்; சொர்ணவாரி அறுவடை முடிந்ததும் காஞ்சிபுரம் போவதாகச் சொன்னார். அட்டையைப் பற்றிக் கேட்டேன். பீரோவில் வைத்திருக்கிறாராம்.